அபூர்வமான பிரிட்டிஷ் குடும்பப் பெயரின் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி

ஒரு குடும்பப் பெயரின் பூர்வீகத்தைத் தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இதற்கு என்ன அர்த்தம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் ஊர், பிறகு ஆட்கள், அர்த்தம் அதற்கப்புறம்.

ஷஃபிள்பாட்டம் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். இன்றைய ஆங்கிலத்தில் படித்தால், காலை இழுத்து நடந்த யாரோ ஒருவருக்கு வைத்த கேலிப்பெயர் போலத் தோன்றும். பெயர் எங்கே மண்டிக்கிடக்கிறது என்று வரைபடத்தில் குறித்தால் விரல் போய் நிற்பது வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில். பரி நகருக்குப் பக்கத்தில் ஷிப்பர்பாட்டம் என்று ஓர் இடம் இருந்தது. அந்தப் பகுதியில் பாட்டம் என்றால் பள்ளத்தாக்கின் அடிநிலம். ராம்ஸ்பாட்டம், சைட்பாட்டம், ஹிக்கின்பாட்டம் எல்லாம் இதே வகையறா. அர்த்தத்தில் தொடங்கியவர் நடையைப் பற்றிக் கதை கட்டிக்கொண்டிருப்பார். வரைபடத்தில் தொடங்கியவர் ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பார்.

பெயர் அபூர்வமாக இருப்பது தொல்லை இல்லை, பெரிய வசதி. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்மித்துகள் 4 லட்சத்துக்கும் மேல். அவர்களில் உங்கள் ஸ்மித்தைப் பிடிப்பது வைக்கோல்போரில் ஊசி தேடுகிற வேலை. 150 பேர் மட்டுமே கொண்ட பெயர் என்றால் 150 பேரையும் ஒரே தாளில் எழுதிவிடலாம். இந்த முறையின் அடிப்படையே அதுதான்: உங்கள் முன்னோரை மட்டும் தேடாதீர்கள், அந்தப் பெயருள்ள எல்லோரையும் திரட்டுங்கள். ஒரு-பெயர் ஆய்வு என்று இதற்குப் பெயர். இதற்கென்றே 1979-இல் தொடங்கிய கில்ட் ஆஃப் ஒன்-நேம் ஸ்டடீஸ் என்ற அமைப்பு பிரிட்டனில் இயங்குகிறது. உங்கள் பெயரை ஏற்கெனவே யாராவது பதிவுசெய்து ஆராய்கிறார்களா என்று அங்கே முதலில் பார்த்துவிடுங்கள். பாதி வேலை முடிந்திருக்கக்கூடும்.

அபூர்வப் பெயர்கள் எப்படிப் பிறந்தன

இங்கிலாந்தில் 1066 நார்மன் படையெடுப்புக்குப் பிறகு முதலில் நிலக்கிழார்களிடம்தான் பரம்பரைப் பெயர் வந்தது. சாதாரண மக்களிடம் அது பரவி நிலைக்க 14-ஆம் நூற்றாண்டு ஆனது. வடக்கே இன்னும் தாமதம். வேல்ஸில் நம்முடைய இனிஷியல் போலத் தந்தை பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் 18-ஆம் நூற்றாண்டு வரைகூட நீடித்தது. 'மகன்' என்று பொருள்படும் 'ஆப்' ஒட்டிக்கொண்டு ஆப் ஹவெல் பவல் ஆனது, ஆப் ரீஸ் பிரைஸ் ஆனது. ஷெட்லாந்து தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டிலும் அப்பா பெயர் வழக்கம் ஓயவில்லை. ஆகவே உங்கள் பெயர் வேல்ஸைச் சேர்ந்தது என்றால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

பெயர்களை நான்கு வகையாகப் பிரிப்பார்கள்: தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர், இடம். கொல்லரும் தையற்காரரும் எல்லா ஊரிலும் இருந்ததால் தொழிற்பெயர்கள் ஒரே சமயத்தில் நூறு இடங்களில் முளைத்தன. இடப்பெயர் அப்படியில்லை. நாலு வீடுள்ள ஒரு குக்கிராமத்திலிருந்து ஒருவன் பக்கத்து ஊருக்குக் குடிபோகிறான். அந்த ஊர்க்காரர்கள் அவனை அவன் ஊர்ப்பெயரால் கூப்பிடுகிறார்கள். அது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. அபூர்வப் பெயர்களில் கணிசமானவை இப்படி ஒற்றை ஊரில், சில சமயம் ஒற்றை மனிதரில் தொடங்கியவை.

அந்த ஒற்றை மனிதரின் வம்சம் ஏன் பெருகாமல் போனது? பெரும்பாலும் தற்செயல்தான். பெயர் மகன்கள் வழியாக மட்டுமே போகிறது. இரண்டு தலைமுறை பெண் குழந்தைகளாகவே பிறந்தால் கிளை முடிந்தது. 1870-களில் கால்ட்டன், வாட்சன் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். எந்தத் தனிக் காரணமும் இல்லாமலே பெரும்பாலான பெயர்கள் அழிந்துபோகும் என்பது அதிலிருந்து தெரிந்தது. இது போதாதென்று 1348–49-இல் கொள்ளைநோய் வேறு, பெயர்கள் உருவாகிக்கொண்டிருந்த அதே நேரத்தில், மக்களை வாரிக்கொண்டு போனது.

முதலில் காது, பிறகு கண்

தேடத் தொடங்கும் முன் பெயரின் வேற்றுவடிவங்களைப் பட்டியல் போடுங்கள். எழுதியவர் பாதிரியாரோ கணக்கெடுப்பாளரோ, கேட்டதை எழுதினார். எழுத்தறியாத குடும்பத்துக்கு அதைத் திருத்த வழியில்லை. எனவே பெயரை அந்த வட்டார உச்சரிப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சோல்மொண்டெலி என்று எழுத்துக்கூட்டப்படும் பெயரைச் சொல்வது சம்லி என்று. ஃபெதர்ஸ்டன்ஹா என்று எழுதப்படுவதை ஃபேன்ஷா என்கிறவர்கள் உண்டு. ஒலியையும் எழுத்தையும் தனித்தனிப் பெயராக எண்ணித் தேடினால் ஒரே குடும்பம் இரண்டாகிவிடும்.

முதலில் வரும் ஹெச் ஒலி பல வட்டாரங்களில் விழுந்துவிடும். அதை ஈடுகட்ட, இல்லாத இடத்தில் எழுத்தர் ஒன்றைச் சேர்த்தும் விடுவார். பாட்டம் என்ற முடிவு பாத்தம் ஆகும். இதெல்லாம் காது செய்யும் பிழை. கண் செய்யும் பிழை வேறு: பழைய கையெழுத்தில் யு-வும் என்-னும் ஒன்றுபோல இருக்கும், ஆர், என் சேர்ந்து எம் ஆகும், பெரிய எல்லும் பெரிய எஸ்ஸும், டி-யும் எஃப்பும் குழம்பும். சிறிய எஃப் இரண்டு சேர்ந்து வந்தால் அது பெரிய எஃப் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. இது தெரியாமல் அதையே தனி வடிவமாகக் குறித்துக்கொண்டவர்கள் உண்டு.

பட்டியலில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் குடும்பமே தொடர்ந்து பயன்படுத்திய வடிவங்கள், மற்றதில் எழுத்தரோ இன்றைய தட்டச்சாளரோ செய்த பிழைகள். இரண்டையும் கலந்தால் இல்லாத கிளைகள் முளைக்கும். எது எந்தப் பத்திக்குப் போகும் என்று தெரியாவிட்டால் 1911 கணக்கெடுப்பைப் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய படிவமே பாதுகாக்கப்பட்டிருப்பது அதில்தான் முதல்முறை. மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்ற கேள்விகளும் அதில் உண்டு. குடும்பத்தை மறுகட்டமைக்கும்போது அந்த எண்ணிக்கையை வைத்து எந்தப் பிள்ளை விட்டுப்போயிற்று என்று சரிபார்க்கலாம்.

தேடுபெட்டியில் நட்சத்திரக் குறியையும் கேள்விக்குறியையும் தாராளமாகப் போடுங்கள். முதல் எழுத்தே தவறாகப் படிக்கப்பட்டிருந்தால் அதுவும் உதவாது. அப்போது குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, முதற்பெயர், வயது, பிறந்த ஊர் மூன்றை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். தொலைந்தவர்களில் கணிசமானவர்கள் இந்த வழியில் அகப்படுவார்கள்.

1881: அடித்தளம்

1881 ஏப்ரல் 3 இரவு எடுத்த கணக்கெடுப்பை வைத்தே வேலையைத் தொடங்குவது நல்லது. தன்னார்வலர்கள் முழுவதையும் பெயர்த்தெழுதியிருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றும் அதில் அடக்கம். ஆளுக்கு ஒரு வரி என்று விரிதாளில் ஏற்றுங்கள்: பெயர், வயது, உறவு, தொழில், வசித்த பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி), வசித்த கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), பிறந்த பாரிஷ், பிறந்த கவுண்டி, ஆவண எண். எழுத்துக்கூட்டலை ஆவணத்தில் உள்ளபடியே ஒரு பத்தியிலும், நீங்கள் தேர்ந்த பொது வடிவத்தை இன்னொன்றிலும் வையுங்கள். ஒரே பத்தி வைத்து "திருத்தி" எழுதினால் பின்னால் மூலத்துக்குத் திரும்ப முடியாது.

இப்போது எண்ணுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கற்பனையாக ஒரு கணக்கு: உங்கள் பெயருள்ளவர்கள் லங்காஷயரில் 60 பேர், கார்ன்வாலில் 22 பேர் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் லங்காஷயர்ப் பெயர் என்று தோன்றும். ஆனால் 1881-இல் லங்காஷயரின் மக்கள்தொகை சுமார் 34.5 லட்சம், கார்ன்வாலில் சுமார் 3.3 லட்சம்தான். வகுத்தால் லங்காஷயரில் லட்சத்துக்கு 1.7 பேர், கார்ன்வாலில் லட்சத்துக்கு 6.7 பேர். அடர்த்தி கார்ன்வாலில் நாலு மடங்கு. லங்காஷயரின் பஞ்சாலைகள் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்களை இழுத்தன, லண்டனும் அப்படியே. வெறும் எண்ணிக்கையை நம்பினால் எல்லாப் பெயரும் லண்டன் பெயராகத்தான் தெரியும்.

அடர்த்தியைவிட நுட்பமான சோதனை ஒன்று உண்டு. வசிக்கும் இடத்தை விட்டுவிட்டு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிறந்த ஊர்களை மட்டும் வரைபடத்தில் குத்துங்கள். அவர்கள் 1821-க்கு முன்பு பிறந்தவர்கள். லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் ஓடத் தொடங்கியதே 1830-இல். ரயில் வருவதற்கு முன்பு பெயர் எங்கே இருந்தது என்று அந்தப் புள்ளிகள் காட்டிவிடும். இதையே 1851 கணக்கெடுப்பில் 70 வயதைத் தாண்டியவர்களுக்குச் செய்தால் 1781-க்கு முந்தைய படம் கிடைக்கும். 1841-ஐ இதற்குப் பயன்படுத்த முடியாது. அதில் பிறந்த பாரிஷைக் கேட்கவேயில்லை, இதே கவுண்டியில் பிறந்தவரா என்று மட்டும்தான். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதையும் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் அதில் 35 ஆகியிருப்பார்.

பெரும்பாலான அபூர்வப் பெயர்களில் புள்ளிகள் மூன்று நான்கு கொத்துகளாகச் சுருங்கும். அவற்றில் ஒன்று தாய்க்கொத்தாக இருக்கலாம், மற்றவை அதிலிருந்து போனவை. இரண்டு கொத்துகளும் சமமான பழமையோடு தூர தூரமாக இருந்தால், பெயர் இரண்டு முறை தனித்தனியாகப் பிறந்திருக்கிறது என்ற சாத்தியத்தை மூடிவிடாதீர்கள்.

சிவில் பதிவுகளில் குடும்பங்களைக் கோப்பது

இங்கிலாந்து, வேல்ஸில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1. ஸ்காட்லாந்தில் 1855. அயர்லாந்தில் கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணங்களுக்கு 1845, மற்ற எல்லாவற்றுக்கும் 1864. ஃப்ரீபிஎம்டி தளத்தில் இங்கிலாந்து, வேல்ஸின் காலாண்டு அட்டவணைகள் இலவசம். உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம்.

பழைய அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வருகிறது. அதற்கு முன்பு பிறந்த ஐந்து ஜான்களில் எவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது, பொதுப் பதிவாளர் அலுவலகம் தன் தளத்தில் வெளியிட்ட புதிய அட்டவணை. அதில் 1837 முதலே தாயின் பிறந்தவீட்டுப் பெயர் உண்டு, இறந்தவரின் வயதும் உண்டு. கணக்கு தொடங்குவது இலவசம். ஒவ்வொரு தேடலிலும் பாலினத்தைச் சொல்ல வேண்டும், ஆண்டை முன்பின் 2 வரைதான் விரிக்க முடியும். எனவே 5 ஆண்டு இடைவெளியில், ஆணுக்கு ஒருமுறை, பெண்ணுக்கு ஒருமுறை என்று பொறுமையாக உழ வேண்டும்.

அப்படி எடுத்த பிறப்புகளைத் தாயின் பெயர், பதிவு மாவட்டம் இரண்டின்படியும் வரிசைப்படுத்துங்கள். ஒரு சான்றிதழ்கூட வாங்காமல் குடும்பங்கள் தாமாகவே பிரிந்து நிற்கும். தாயின் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் பெரும்பாலும் அது திருமணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தை. அந்தக் குழந்தைக்கு வந்திருப்பது தாயின் குடும்பப் பெயர்தான். இதைத் தனியாகக் குறித்துவையுங்கள், டிஎன்ஏ சோதனையின்போது தேவைப்படும். அடுத்து ஒரு வயதுக்குள் இறந்தவர்களை இறப்பு அட்டவணையிலிருந்து எடுத்துப் பிறப்புகளோடு பொருத்திவிடுங்கள். செத்துப்போன குழந்தையை யாரோ ஒருவரின் முப்பாட்டனாக ஆக்குவது இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஒரு பிள்ளை இறந்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அன்றைய வழக்கம்.

அட்டவணையில் இருப்பது பதிவுசெய்த காலாண்டு, பிறந்த காலாண்டு அல்ல. பதிவுக்கு 42 நாள் அவகாசம் இருந்ததால் நவம்பர் கடைசியில் பிறந்தவர் மறு ஆண்டின் மார்ச் காலாண்டில் இருக்கலாம். பதிவு மாவட்டமும் கவுண்டியும் ஒன்றல்ல: டாட்மர்டன் மாவட்டம் யார்க்‌ஷயர், லங்காஷயர் இரண்டிலும் கால் வைத்திருந்தது. 1875-க்கு முன்பு பதிவுசெய்யாமல் விட்டால் தண்டனை ஏதும் பெரிதாக இல்லாததால் சில பிறப்புகள் பதிவாகவே இல்லை. அங்கே தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவுதான் கைகொடுக்கும்.

திருமணங்களில், 1912-க்கு முன்பு துணைவரின் பெயர் அட்டவணையில் இல்லை. ஒரே பக்க எண்ணில் வரும் நாலைந்து பேரில் யார் யாரோடு என்பதை அடுத்த கணக்கெடுப்பில் மனைவியின் முதற்பெயரை வைத்து முடிவுசெய்யலாம். சான்றிதழ் வாங்கினால் இரு தந்தையரின் பெயரும் தொழிலும் கிடைக்கும். எல்லாவற்றையும் வாங்கக் காசைக் கொட்டாதீர்கள். இரண்டு கொத்துகளை இணைக்கக்கூடியவற்றை மட்டும் வாங்குங்கள். ஸ்காட்லாந்துப் பதிவு இவ்விஷயத்தில் தாராளம்: இறப்புப் பதிவிலேயே அப்பா பெயர், அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர் இரண்டும் இருக்கும்.

எவரோடும் சேராதவர்களுக்கு "தனியாட்கள்" என்று ஒரு தாள் வையுங்கள். கட்டாயப்படுத்திச் சேர்க்க வேண்டாம்.

பாரிஷ் பதிவேடுகள்

1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ரோம்வெல் பிறப்பித்த ஆணையிலிருந்துதான் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பாரிஷ்களில் எழுதத் தொடங்கினார்கள். ஆரம்பகாலப் பதிவேடுகள் எல்லா இடத்திலும் பிழைத்திருக்கவில்லை. 1598-இல் தோல்தாளில் நகலெடுக்கவும் ஆண்டுதோறும் பிஷப்புக்கு ஒரு படி அனுப்பவும் உத்தரவானது. அந்தப் பிஷப் படிகள் பொக்கிஷம்: மூலத்தில் கறையோ கிழிசலோ இருந்தால் அதைப் பாருங்கள், இரண்டும் இருந்தாலும் ஒப்பிடுங்கள். ஒரே நிகழ்வுக்கு ஒரே ஊரில் இரண்டு எழுத்துக்கூட்டல் கிடைத்தால், அவை இரண்டு குடும்பங்கள் அல்ல என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

1754 மார்ச் 25 முதல் திருமணத்துக்கு மணமக்களின் கையெழுத்தும் சாட்சிகளும் தேவை. சாட்சிகளைப் படிக்காமல் தாண்டாதீர்கள். சகோதரர்கள் அங்கேதான் அகப்படுவார்கள். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்தது, ஞானஸ்நானத்தில் தந்தையின் தொழிலும் வசிப்பிடமும் சேர்ந்தன. அதற்கு முன்பு பல இடங்களில் "ஜானின் மகன் ஜான்" என்பதோடு முடிந்துவிடும்.

தேதிகளில் ஒரு பொறி. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். பதிவேட்டில் 1720 பிப்ரவரி என்றிருப்பது நம் கணக்கில் 1721 பிப்ரவரி. 1720/21 என்று இரட்டையாக எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் 1720 ஜூனில் மணந்தவர்களுக்குப் பிப்ரவரியிலேயே பிள்ளை பிறந்ததாக, பாவம், அவப்பெயர் வந்துசேரும். 1733-க்கு முன்பு லத்தீனும் நிறைய. ஜேக்கோபஸ் என்றால் ஜேம்ஸாகவும் இருக்கலாம், ஜேக்கபாகவும் இருக்கலாம்.

1642 முதல் 1660 வரை உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவும். பல பதிவேடுகளில் அந்த இடம் காலி. ஒரு கிளை அங்கே அறுந்தால், பக்கத்து ஊரில் அதே பெயரோடு ஒருவர் கிடைத்தார் என்பதற்காக மட்டும் ஒட்டுப்போடாதீர்கள். அந்தப் பள்ளத்தைத் தாண்டப் பாலங்கள் உண்டு. 1641–42-இல் 18 வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் வாங்கிய உறுதிமொழிப் பட்டியல் ஒரு கரை. எல்லாப் பகுதிக்கும் இல்லை என்றாலும் டெவன், கார்ன்வாலுக்கு நன்றாகக் கிடைக்கிறது. மறுகரை 1662 முதல் 1689 வரை இருந்த அடுப்பு வரி: ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங், இரண்டு தவணை. ஊர் ஊராகக் குடும்பத் தலைவர்களின் பெயர் இருப்பதால், அபூர்வப் பெயர் தேடுகிறவருக்கு இது 17-ஆம் நூற்றாண்டின் 1881 கணக்கெடுப்பு மாதிரி. நடுவே உயில்கள். 1858 ஜனவரி வரை உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் பதிவாயின. கேன்டர்பரி நீதிமன்றத்தின் உயில்கள் 1384 முதல் லண்டன் க்யூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரே உயிலில் மூன்று தலைமுறை பெயர் சொல்லி வரும். எக்ஸீட்டரில் இருந்த டெவன் உயில்கள் 1942 குண்டுவீச்சில் எரிந்துபோயின. டெவன் பெயர்க்காரர்கள் இந்த வழியை அதிகம் நம்ப முடியாது.

ஏழைகளுக்கு உயில் ஏது? அவர்களுக்கு 1662 குடியமர்வுச் சட்டம் இருக்கிறது. உதவி கேட்டு வந்தவர் எந்தப் பாரிஷின் பொறுப்பு என்று விசாரித்து எழுதிய வாக்குமூலங்களில், பிறந்த ஊர், வேலைசெய்த ஊர்கள், வாடகை எல்லாம் அவர் வாயாலேயே வரும். பெயர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படி நகர்ந்தது என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் ஆவணம் வேறில்லை.

1538-க்கு முன்னும் ஊரும்

இங்கே தனிக் குடும்பங்களைக் கோப்பது அநேகமாக முடியாது. பெயர் எங்கே இருந்தது என்று மட்டும் பாருங்கள். 1377, 1379, 1381 தலைவரிப் பட்டியல்களும் 1327, 1332 அசையும் பொருள் வரிப் பட்டியல்களும் பல கவுண்டிகளுக்கு அச்சில் இருக்கின்றன. யார்க்‌ஷயரின் மேற்கு ரைடிங் என்ற பிரிவுக்கு 1379 பட்டியல் செழிப்பாகக் கிடைக்கிறது. பெயருக்கு முன்னால் 'டி' வந்தால் அது இடப்பெயர் என்பதற்கு நல்ல அடையாளம்: ஜான் டி இன்ன ஊர். ஆனால் அந்த ஜானின் மகனும் அதே பெயரைச் சுமந்தானா என்பது தனிக் கேள்வி. இரண்டு தலைமுறைக்குத் தொடர்ந்து பார்க்காமல் அதைப் பரம்பரைப் பெயர் என்று எழுதக் கூடாது.

ஊரைத் தேடும்போது இன்றைய வரைபடம் போதாது. பல பெயர்களின் தாயூர் ஒற்றைப் பண்ணையாகச் சுருங்கியிருக்கும், அல்லது மறைந்தே போயிருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நிலஅளவைத் துறை வரைந்த பழைய வரைபடங்களை இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இங்கிலாந்து, வேல்ஸும் அதில் உண்டு. 1836 சட்டத்தின்படி வரைந்த தசமபாக வரைபடங்களோடு சேர்ந்த பட்டியல்களில் வயல்களின் பெயர்கூட வரும். 1923-இல் தொடங்கிய ஆங்கில இடப்பெயர்ச் சங்கம் கவுண்டி வாரியாக வெளியிடும் தொகுதிகளில் ஒவ்வோர் இடத்துக்கும் பழைய எழுத்துக்கூட்டல்கள் ஆண்டோடு இருக்கும். இப்போதுதான் அர்த்தம் தேட வேண்டிய கட்டம்.

மர்கட்ராய்ட் என்ற பெயர் ஹாலிஃபாக்ஸுக்குப் பக்கத்து வார்லியைச் சேர்ந்தது. ராய்ட் என்பது அந்தப் பகுதியில் காட்டை அழித்துத் திருத்திய நிலம். ஆக்ராய்ட், பூத்ராய்டிலும் அதுவே. முன்பாதி மட்டும் தகராறு: மேய்ச்சல் மேட்டுக்குப் போகும் வழி என்பார்கள் சிலர், மார்கரெட் என்பார்கள் சிலர். அர்த்தம் முடிவாகாவிட்டாலும் ஊர் உறுதி என்பதைக் கவனியுங்கள். கார்ன்வாலில் டிரெ, போல், பென் என்று தொடங்கும் பெயர்கள் இதேபோல ஊரை நெற்றியில் எழுதிவைத்தவை: குடியிருப்பு, குளம், தலைப்பகுதி.

பெயர் முதலில் தென்படுவது அந்த ஊருக்குள் அல்ல, பக்கத்து ஊர்களில். ஊருக்குள் எல்லோரும் அந்த ஊர்க்காரர்தான், அதைச் சொல்லி யாரையும் அடையாளம் காட்ட முடியாது. தாயூரிலேயே பெயர் இல்லையே என்று பதற வேண்டாம்.

எந்த ஊரும் பொருந்தாமல், ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு முன்னால் பெயர் சுவடே இல்லாமல் இருந்தால் வேறு கதவுகளைத் தட்டுங்கள். 1685-க்குப் பிறகு பிரான்ஸிலிருந்து ஓடிவந்த ஹ்யூகனாட்டுகள் என்ற பிராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பட்டு நெய்தார்கள். அவர்கள் பெயர்கள் ஆங்கில வாயில் உருமாறின. ஃபவுண்ட்லிங் மருத்துவமனை என்று பெயர்கொண்ட லண்டனின் கைவிடப்பட்ட குழந்தைகள் காப்பகம் 1741 முதல் சேர்த்த குழந்தைகளுக்குப் புதுப்பெயர் சூட்டியது. ஸ்காட்லாந்தில் மக்ரெகர் என்ற பெயரே 1603-இல் தடைசெய்யப்பட்டு, இடையில் திரும்பி, மறுபடி தடையாகி, 1774-இல்தான் முழுதாக விடுதலையானது. அதற்குள் பலர் வேறு பெயருக்குப் போய்விட்டார்கள். சொத்துக்காகப் பெயர் மாற்றியவர்களும் உண்டு.

போகிற போக்கில் ஒன்று: பெயருக்கு உரிய குலச்சின்னம் என்று கண்ணாடிச் சட்டம்போட்டு விற்பதை வாங்காதீர்கள். சின்னம் தனிமனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டது, பெயருக்கு அல்ல.

டிஎன்ஏவும் கடல்தாண்டிய கிளைகளும்

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு, குடும்பப் பெயர் போகும் அதே வழியில் போகிறது. மரபியல் ஆய்வாளர்கள் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 40 பிரிட்டிஷ் பெயர்களைச் சோதித்தார்கள். அபூர்வப் பெயர்களில் பலருக்குப் பொது மூதாதை தெளிவாகத் தெரிந்தது, ஸ்மித்தில் அப்படி எதுவும் இல்லை. குரோமோசோமில் குறைந்தது 37 குறியிடங்களையாவது ஒப்பிடும் சோதனையை எடுங்கள். யாரைச் சோதிப்பது என்பதில்தான் சாமர்த்தியம்: பக்கத்துப் பக்கத்து உறவினர்களை விட்டு, இரண்டு கொத்துகளிலிருந்து ஆளுக்கொரு ஆண். இருவரும் பொருந்தினால் இரண்டு கொத்தும் ஒரே வேர். பொருந்தாவிட்டால் அவசரப்படாதீர்கள், தத்து, தாயின் பெயரைச் சுமந்த பிள்ளை, மனைவி பெயரை ஏற்ற கணவர் என்று ஓரிடத்தில் சங்கிலி மாறியிருந்தாலும் இதே விடைதான் வரும். ஒவ்வொரு கொத்திலும் இன்னொரு தூரத்துக் கிளையைச் சோதித்த பிறகே இரண்டு தோற்றம் என்று எழுதலாம்.

வெளிநாடுகளுக்கு 1880 அமெரிக்கக் கணக்கெடுப்பும் 1881 கனடியக் கணக்கெடுப்பும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. உங்கள் 1881 தாளோடு சேர்த்தால் அட்லாண்டிக்கின் இரு கரையும் ஒரே படத்தில். அங்கே பிறந்த ஊர் வெறும் "இங்கிலாந்து" என்றிருக்கும், எனவே தொழிலைப் பாருங்கள். மிச்சிகன் செம்புச் சுரங்கத்திலோ தென் ஆஸ்திரேலியாவின் மூன்டாவிலோ அந்தப் பெயர் நின்றால் கார்ன்வாலைச் சந்தேகியுங்கள். 1866-இல் செம்பு விலை சரிந்த பிறகு அங்கிருந்த சுரங்கக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். 1890 முதல் 1960 வரை பிரிட்டனை விட்டுக் கிளம்பிய கப்பல்களின் பயணிகள் பட்டியல் தேசிய ஆவணக் காப்பகத்தில் பிடி 27 தொடரில் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியோடு வந்தவர்களுக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்கள்: வங்காளம் என்/1, மெட்ராஸ் என்/2, பம்பாய் என்/3. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் உண்டு. ஆனால் அந்தப் பதிவில் இருப்பது படைப்பிரிவும் பதவியும்தான், இங்கிலாந்தில் எந்த ஊர் என்று இராது. அவர் அரசுப் படையில் ஓய்வூதியம் பெற்ற சிப்பாயாக இருந்தால் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 97 தொடரில் படையிலிருந்து விடுவித்த தாளைத் தேடுங்கள். பிறந்த பாரிஷ், அதற்குப் பக்கத்து நகரம், கவுண்டி, சேர்ந்தபோது செய்த தொழில், உயரம், கண்ணின் நிறம் வரை அதில் எழுதியிருப்பார்கள். அந்தப் பாரிஷின் பெயரை உங்கள் 1881 வரைபடத்தின் கொத்துகளோடு வைத்துப் பாருங்கள்.